எழுத்துத் திருத்தியா, வீடியோ செய்தியா? ஆபீஸில் ஒன்றுக்குத்தான் பணம், எதை எடுப்பது?

எபேன்_கணக்கன்

வணக்கம். மொரீஷியஸில், எபேனில் ஒரு சின்னக் கணக்கு ஆபீஸில் வேலை செய்கிறேன். 4 பேர் இருக்கிறோம். பாரிஸிலும் லண்டனிலும் உள்ள சிறு நிறுவனங்களுக்கு மாதக் கணக்கு முடித்து அனுப்புகிறோம். கிராமர்லி மாதிரி எழுத்தைத் திருத்தித் தரும் ஒன்று, லூம் மாதிரி திரையைப் பதிந்து பேசி அனுப்பும் ஒன்று, இந்த இரண்டில் ஒன்றைச் சொல், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று மேலாளர் என்னிடம் விட்டுவிட்டார்.

எங்கள் தொல்லை இதுதான். ஒரு விஷயத்துக்கு 4 மெயில் போய் வருகிறது. நான் திருநெல்வேலிப் பக்கம், ஆங்கிலம் படித்தவன், பிரெஞ்சு இங்கே வந்து காதால் பிடித்தது. மற்ற மூவரும் இந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்குப் பிரெஞ்சு சரளம், ஆங்கிலம் கொஞ்சம் பிரெஞ்சு வாசனையோடு வரும். போன மாதம் ஒருவர் லண்டனுக்கு, திருத்திய வாட் அறிக்கையை 'இவென்சுவலி' அனுப்புகிறோம் என்று எழுதினார். தேவைப்பட்டால் அனுப்புவோம் என்பதுதான் அவர் நினைத்தது. அங்கே இருந்தவர் எப்படியும் வரும் என்று 2 வாரம் காத்திருந்துவிட்டுக் கோபமாக எழுதினார்.

போனில் பேசிவிடலாம் என்றால் குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு 3 மணி நேரம் பின்னால், லண்டன் 4 மணி நேரம். இங்கே காலை 9 மணிக்கு அங்கே யாரும் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டையும் இலவசமாகப் போட்டுப் பார்த்தேன். எழுத்துத் திருத்தி, நாம் எழுதும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுக்கு எல்லாம் கோடு போடுகிறது. வீடியோ 5 நிமிடத்தில் நின்றுவிட்டது, எனக்கு 7 நிமிடம் தேவைப்பட்டது. யாராவது இரண்டையும் வேலையில் பயன்படுத்தியிருந்தால் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்_மொழிபெயர்ப்பு

தம்பி, முதலில் அந்தக் கோடு. திருத்தியில் உங்கள் கணக்கின் செட்டிங்ஸில் ஆங்கில வகை அமெரிக்கன் என்று இருக்கும், பிரிட்டிஷ் என்று மாற்றினால் போய்விடும்.

அடுத்தது அந்த 'இவென்சுவலி'. இந்த ஊரில் நான் தினமும் பார்க்கும் பிழை இது. பிரெஞ்சில் 'எவான்ச்சுவெல்மான்' என்றால் 'ஒருவேளை', 'தேவைப்பட்டால்'. ஆங்கிலத்தில் அதே முகம் கொண்ட சொல்லுக்கு 'கடைசியில் நிச்சயம்' என்று பொருள். 'ஆக்சுவலி'யும் அப்படித்தான், பிரெஞ்சில் அது 'தற்போது'. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருப்பதால் சாதாரணத் திருத்தி வாயே திறக்காது. லாங்குவேஜ்டூல் என்ற திருத்தியில் உங்கள் தாய்மொழி எது என்று குறிக்க ஓர் இடம் இருக்கிறது; அங்கே பிரெஞ்சு என்று வைத்தால் இந்த மாதிரி ஏமாற்றுச் சொற்கள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சு மெயிலையும் அதே கருவி பார்க்கும், உங்களுக்கு அது முக்கியம். ஆனால் பாரிஸ் வாடிக்கையாளரை 'வூ' (நீங்கள்) என்று அழைப்பதா 'த்யூ' (நீ) என்று அழைப்பதா என்பதை எந்தக் கருவியிடமும் விடாதீர்கள், அதை உங்கள் உள்ளூர்க்காரர்களிடம் கேளுங்கள்.

டர்பன்_காப்பீடு

நான் டர்பனில் காப்பீட்டுக் கோரிக்கைகள் பார்க்கிறேன். எங்கள் குழு வீடியோவுக்குப் பணம் கட்டி ஒரு வருடம் ஓட்டியது, அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு தாளில் இந்தத் தொகை எங்கிருந்து வந்தது, எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று காட்ட வீடியோவுக்கு நிகர் இல்லை. 3 பத்தி எழுதிப் புரியாத ஆளுக்கு ஒன்றரை நிமிடத்தில் புரிந்தது. ஆனால் 2023-இல் மின்வெட்டு 6-ஆம் கட்டம் வரை போன நாட்களில் போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும், வாடிக்கையாளர் டேட்டாவுக்குக் காசு எண்ணிக்கொண்டிருப்பார், நம் வீடியோ திறக்காமலே கிடக்கும். அப்புறம், 3 மாதம் கழித்து அந்தத் தேதி எங்கே சொன்னோம் என்று தேடினால் 40 வீடியோவை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் எந்த வீடியோ அனுப்பினாலும் தொகை, கடைசித் தேதி, அவர் செய்ய வேண்டியது, இந்த மூன்றையும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள் என்று என் குழுவில் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பக்கத்து மேசைக்காரர் பதிந்தபோது பிரவுசர் தாவலில் வேறொரு வாடிக்கையாளர் பெயரும் பாலிசி எண்ணும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழு வீச்சில் இருக்கிறது, அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். முழுத்திரையைப் பதியாதீர்கள், அந்த ஒரு ஜன்னலை மட்டும் பதியுங்கள்.

எபேன்_கணக்கன்

அக்கா, அண்ணா, நன்றி. அப்படியென்றால் இரண்டுமே வேண்டும் போல இருக்கிறதே? ஒன்றுக்குத்தான் காசு என்கிறார்.

டர்பன்_காப்பீடு

திரும்பி வந்த மெயில்களை எடுத்து எண்ணுங்கள் தம்பி. வார்த்தையால் வந்த குழப்பம் எத்தனை, பார்க்காமல் புரியாது என்பதால் வந்தது எத்தனை என்று இரண்டாகப் பிரித்தால், எதற்குக் காசு கட்டுவது என்று அதுவே சொல்லும்.

போர்ட்லூயி_ஐடி

வீடியோவுக்குக் காசு கட்டும் முன் கணினியிலேயே இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் ஸ்னிப்பிங் டூலிலேயே திரையைப் பதியலாம், மேக் என்றால் ஷிப்ட், கமாண்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லூமில் கூடுதலாகக் கிடைப்பது பதிந்த உடனே அனுப்ப ஒரு லிங்க், யார் பார்த்தார்கள் என்ற விவரம், தானாக வரும் எழுத்து வடிவம். அதை 2023-இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கியது, உங்கள் ஆபீஸில் அவர்களுடைய ஜிரா என்ற வேலை கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

எழுத்துத் திருத்தி விஷயத்தில் எனக்கு ஒரே கவலைதான். தட்டும் வரி எல்லாம் வெளியே உள்ள சர்வருக்குப் போகிறது. நீங்கள் வைத்திருப்பது மற்றவர்களின் சம்பளம், வங்கி எண். இங்கே 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பாரிஸ் ஆட்களுக்கு ஐரோப்பியச் சட்டமும் உண்டு. லாங்குவேஜ்டூலின் அடிப்படைப் பதிப்பு திறந்த மூலம் (ஓப்பன் சோர்ஸ்), ஜாவா போட்டு உங்கள் ஆபீஸ் கணினியிலேயே சர்வராக ஓட்டலாம், ஒரு வரியும் வெளியே போகாது. கட்டணப் பதிப்பின் எல்லா விதிகளும் அதில் இராது, பரவாயில்லை.

எபேன்_கணக்கன்

எண்ணிவிட்டேன். போன மாதம் 23 மெயில் கேள்வியோடு திரும்பியிருக்கிறது. அதில் வார்த்தைக் குழப்பம் 6, அந்த 6-இல் 4 பிரெஞ்சு ஆங்கிலக் கலப்பு. மீதி 17-ம் 'இந்தத் தொகை எப்படி வந்தது', 'எந்தத் தாளில் பார்ப்பது' என்ற கேள்விதான். எனக்கே ஆச்சரியம், நான் இத்தனை நாள் எங்கள் மொழிதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலாளரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: காசு வீடியோவுக்கு, ஆனால் 2 மாதம் ஸ்னிப்பிங் டூலில் ஓட்டிப் பார்த்த பிறகு. லாங்குவேஜ்டூலை ஆபீஸ் கணினியில் போடுவது என் பொறுப்பு. நேற்று 7 நிமிட விளக்கத்தை ஒரு தாளுக்கு ஒன்றாக 3 துண்டாக வெட்டி, கீழே தொகையும் தேதியும் எழுதிப் பாரிஸுக்கு அனுப்பினேன். கேள்வி எதுவும் வரவில்லை, சரி என்று ஒரு வரி வந்தது.

அண்ணா, ஜாவா எந்தப் பதிப்பு போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

போர்ட்லூயி_ஐடி

17 போடு தம்பி. சர்வர் 8081 என்ற போர்ட் எண்ணில் ஓடும், லாங்குவேஜ்டூலின் பிரவுசர் நீட்சியின் செட்டிங்ஸில் உள்ளூர் சர்வர் என்பதைத் தேர்ந்தெடு.