மலையில் சாய்தளம் போட முடியாதா? யார் சொன்னது?

கேத்தி வெயில்:
குன்னூர் மேஸ்திரி அண்ணா வேறொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஊட்டி, குன்னூர் கல்லூரி ஒத்து வராது. வீல்சேர் ஏற 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்கில் மலையில் சாய்தளம் போடவே முடியாது. கோயம்புத்தூரில் சேரட்டும், இல்லாவிட்டால் தபாலில் படிக்கட்டும்" என்கிறார். நான் ஊன்றுகோலோடு இந்த மலையில்தான் எம்.ஏ. படிக்கிறேன். அண்ணா, கல்லாறிலிருந்து குன்னூருக்கு ரயில் எந்த ஏற்றத்தில் ஏறுகிறது தெரியுமா? அதிகபட்சம் அதே 12க்கு 1தான். 1899இலேயே ஓடிவிட்டது.

குன்னூர் மேஸ்திரி:
தங்கச்சி, ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது. வீல்சேருக்கும் பல்சக்கரம் மாட்டித் தரலாமா? வயசு முழுக்க இந்த மலையில் கட்டடம் கட்டியவன் நான். கணக்கைப் பார். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படிக்கு 6 மீட்டர் உயரம். சாய்தளம் 72 மீட்டர் வேண்டும். நடுநடுவே நின்று போகச் சமதளம் தனி. மண்ணை வெட்டினால் தடுப்புச் சுவர், மழைத் தண்ணீர் போக வழி. இடம் எங்கே?

கேத்தி வெயில்:
72 மீட்டரையும் நேராகவா போடுவார்கள்? மடித்துப் போடுங்கள். லாரி ஏற ரோட்டைக் கொண்டை ஊசியாக மடிக்கலாம், நான் ஏற மடிக்கக் கூடாதா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கட்டடமும் வளாகமும் எங்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. 32ஆம் பிரிவு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் தருகிறது. முந்தைய 1995 சட்டத்தில் அது 3 சதவீதம். சீட்டைக் கொடுத்துவிட்டு வகுப்பறைக்கு வழி கொடுக்காவிட்டால் அந்தச் சீட்டை வைத்து என்ன செய்வது?

நூலகத்தார்:
நண்பர்களே, முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது. அந்த 5 சதவீதமும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான். பார்வையற்ற மாணவருக்குச் சாய்தளம் பிரச்சினையே இல்லை. அதைத் தெளிவுபடுத்திவிட்டுப் பேசலாமே.

குன்னூர் மேஸ்திரி:
மடித்தால் திரும்பும் இடத்தில் அகலம் வேண்டும். அதையும் சேர்த்துத்தான் இடம் இல்லை என்கிறேன்.

தேவாலா மழை:
எனக்கு ஒரு கால் செயற்கைக் கால். கேத்திக்கு ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். என்னைப் போன்றவர்களுக்குச் சாய்தளத்தை விட, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த தாழ்வான படிதான் வசதி. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் வந்து பாருங்கள். பாசி பிடித்த சரிவில் இறங்கும்போது உடம்பு முன்னால் தள்ளும், கால் நிற்காது.

கேத்தி வெயில்:
உங்களுக்குப் படி வசதி என்பதற்காக வீல்சேரில் வருகிறவர் வீட்டில் இருக்க வேண்டுமா? இரண்டும் போடட்டும். படியைப் பற்றி எனக்கும் தெரியும். ஊன்றுகோலின் அடி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஈரப் படியில் நுனி 'சர்'ரென்று விலகும். அந்த நேரத்தில் பிடிக்கக் கம்பி இருக்காது, சுவர்தான் இருக்கும். சுவரிலும் பாசி. ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியாது. இதையெல்லாம் தாண்டி மேலே போனால் "ஏன் லேட்?" என்ற கேள்வி.

கொடை மூடுபனி:
அதற்குத்தான் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல் தருகிறார்களே. ஊட்டிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ரயிலை இழுப்பதை நிறுத்துங்கள். எங்கள் கொடைக்கானல் மலையில் ரயிலே கிடையாது, ஆனால் 1984இலிருந்து பல்கலைக்கழகமே இருக்கிறது.

கேத்தி வெயில்:
தேர்வைப் பற்றி யார் பேசினார்கள்? தேர்வு வரைக்கும் போய்ச் சேருவதைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் பல்கலைக்கழகம் பெண்களுக்கானது. நான் சேரலாம், தேவாலா அண்ணா எங்கே சேருவார்?

தேவாலா மழை:
என்னை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள்? நான் பட்டம் வாங்கியாகிவிட்டது.

கொடை மூடுபனி:
போன மாதம் சுற்றுலா வண்டித் திரியிலும் இவர் இப்படித்தான் பேசினார். நாம் எது சொன்னாலும் ஊட்டிதான் உசத்தி.

நூலகத்தார்:
40 சதவீதம் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை.

குன்னூர் மேஸ்திரி:
கொடைக்காரர் சொல்வது சரி. ரயில் கதையை விடுங்கள். 72 மீட்டர். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கேத்தி வெயில்:
சொல்கிறேன். எல்லா இடத்திலும் 40 படியா இருக்கிறது? எங்கள் கல்லூரியில் வாசலில் 4 படிதான். உங்கள் கணக்குப்படி 60 சென்டிமீட்டருக்கு ஏழு மீட்டர் சொச்சம் போதும். அதைக்கூடப் போடவில்லை. மாடியில் இருக்கும் என் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன். கீழே அறை இருக்கிறது, சிமென்ட்டும் வேண்டாம், மண்ணும் வெட்ட வேண்டாம். டைம்டேபிளைத் தொட முடியாது என்றார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மலை என்றால் விதிவிலக்கு என்று அதில் சொல்லவில்லை. கோயம்புத்தூருக்குப் போ என்கிறீர்களே, அங்கே விடுதிக் கட்டணம் யார் கட்டுவது? எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அம்மாவா?

குன்னூர் மேஸ்திரி:
டைம்டேபிள் வாத்தியார்கள் விஷயம், என்னிடம் கேட்காதே. அம்மாவைக் கொண்டுவந்தால் கணக்கு மாறிவிடாது. 40 படிக்கு 72 மீட்டர்.

கேத்தி வெயில்:
4 படிக்கு எவ்வளவு அண்ணா? அதைச் சொல்லுங்கள்.

குன்னூர் மேஸ்திரி:
நான் 40 படியைப் பற்றிப் பேசுகிறேன்.

கொடை மூடுபனி:
எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கேத்தி வெயில்:
உங்களுக்கு அப்புறம். மேஸ்திரி அண்ணா, 4 படிக்கு எவ்வளவு?