வளவு வீட்டுச் சாந்திக்கு ஒரே ஒரு பிரைம் லென்ஸ்: 16ஆ, 30ஆ, 56ஆ?

செக்காலை ரோடு:

வணக்கம். என்னிடம் சோனி ஏ6400 இருக்கிறது, லென்ஸ் என்றால் கேமராவோடு வந்த 16-50 எம்.எம். கிட் லென்ஸ் மட்டும்தான். அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு அறுபது நிறைந்து சாந்தி வைத்திருக்கிறார்கள், கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டிலேயே. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கும் பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள். இப்படி எல்லாரும் அந்த வீட்டில் ஒன்றாகப் படுத்து எழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இனி எப்போது என்றும் தெரியாது.

சடங்கை எடுக்க ஸ்டூடியோக்காரர் தனியாக வருகிறார். எனக்கு வேண்டியது மற்றதெல்லாம். விடியற்காலையில் அடுப்படியில் பணியாரம் ஊற்றுகிறவர்கள், வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அத்தைமார், தூணில் சாய்ந்தபடி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பத்தா, பிள்ளைகள் ஓடுவது, இப்படி.

பிரச்சினை வெளிச்சம்தான். பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். வளவு வாசலை, அதாவது வீட்டு நடுவில் வானம் தெரியும் முற்றத்தை, ஒட்டிய இடமெல்லாம் அருமையாக வருகிறது, அதைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனதும் ஐஎஸ்ஓ 12800க்கு ஏறிப் படம் புள்ளி புள்ளியாகிவிடுகிறது, அப்போதும் ஷட்டர் 1/30 நொடிதான், கையை ஆட்டிப் பேசுகிற ஆள் என்றால் முகம் இழுபட்டுப் போகிறது. பிளாஷ் போட எனக்கு மனசில்லை. பிளாஷ் விழுந்ததும் அந்தத் தேக்குத் தூணும் சுவரும் அந்த வீடாகவே தெரிவதில்லை.

ஒரு லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது. சிக்மா கம்பெனியில் 16, 30, 56 எம்.எம். என்று மூன்று பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாதவை. மூன்றுமே எஃப்1.4, இந்த எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். சோனியின் 35 எஃப்1.8 ஓஎஸ்எஸ்ஸும் (கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உள்ளது) மனதில் ஓடுகிறது. கூடப் படித்தவன் ஒருவன் “ஆட்களை எடுக்கப்போகிறாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 56 வாங்கு” என்கிறான். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் நிழல்:

56ஐ ஒரே லென்ஸாக வாங்காதீர்கள். லென்ஸில் குறை ஒன்றும் இல்லை, 280 கிராமில் அவ்வளவு துல்லியமான லென்ஸ் கிடைப்பதே பெரிய விஷயம். ஆனால் நீங்கள் சொல்கிற இடங்களில் அதை வைத்துக்கொண்டு பின்னால் போக இடம் இருக்காது.

அப்பர்ச்சரை, அந்த எஃப் எண்ணை, ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர். அதனால் 23 எம்.எம். லென்ஸ் போட்டால், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும். பத்தடியில் நின்றால் பத்தடி. 16 போட்டால் அதில் ஒன்றரை மடங்கு. 30 என்றால் முக்காலுக்குக் கொஞ்சம் மேல். 56 என்றால் பாதிகூட இல்லை, பத்தடியில் நின்றால் நாலடிதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஒரு ஆளைத் தலையிலிருந்து கால்வரை எடுக்க 30ல் ஒன்பதடி போதும், 56ல் பதினாறடிக்கு மேல் வேண்டும். இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் பதினாறடி எங்கே போவீர்கள்? முதுகு சுவரில் முட்டிவிடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். எங்கெங்கே நிற்கப்போகிறீர்கள், எதிரில் யார் இருப்பார்கள், நடுவில் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். அப்புறம் பொங்கலுக்கு எடுத்த படங்களைக் கணினியில் திறந்தால் ஒவ்வொரு படமும் எத்தனை எம்.எம்.மில் எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். உங்கள் கை தானாக எங்கே போய் நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

இன்னொன்று, உங்கள் பட்டியலில் 23 விட்டுப்போயிருக்கிறது. சிக்மா 23 எஃப்1.4, 2023ல்தான் வந்தது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவின் கணக்கில் 16 என்பது 24, 23 என்பது 35, 30 என்பது 45, 56 என்பது 84. வீட்டுக்குள் நடமாடும் ஆட்களை எடுக்க அந்த 35 இடம்தான், அதாவது உங்கள் கேமராவில் 23தான், எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

இருபது வருஷக் கல்யாணக் கேமரா:

தம்பி, பள்ளத்தூர்க்காரர் கணக்கு சரிதான், ஆனால் 56ஐ அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். நான் தேவகோட்டையில் இருக்கிறேன், இந்த மாதிரி வீடுகளில்தான் என் பிழைப்பு. வளவு வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்க 56 மாதிரி வராது. யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், முகத்தில் ஒரு இறுக்கம் இருக்காது. அப்புறம் முகப்பில் நின்று பார்த்தால் நிலைக்கதவு தாண்டி, வளவு தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேர்கோடாகத் தெரியுமே, அந்தக் கோட்டில் ஒரு ஆச்சி நடந்து வந்தால் 56ல் அது கோயில் பிரகாரம் போல அடுக்கடுக்காக வந்து நிற்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 56ஐ எஃப்1.4ல் திறந்து வைத்து ஆறரை அடியில் ஒரு முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் நாலு விரல்தான். அதே தூரத்தில் 30 என்றால் ஒரு சாண். 23 என்றால் கிட்டத்தட்ட ஒரு முழம். பெரியப்பாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், 56ல் மற்றவர் முகம் மங்கிவிடும். நான் ஒரு சாந்தியில் மாலை மாற்றும் நேரத்தை முழுக்க அப்படி எடுத்துவிட்டேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் ஒரு படத்தில்கூடத் தெளிவாக இல்லை. அந்த நேரம் திரும்ப வராது, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து இரண்டு பேர் படத்தில் இருந்தால் எஃப்2.8க்குக் கீழே நான் போவதே இல்லை.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெளியில் புதிது போல் இருக்கும், உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை ஓடியிருக்கும். ஒரு முறை அப்படி வாங்கி அதைச் சுத்தம் செய்யவே பெரும் செலவாகிவிட்டது.

கோட்டையூர் வாசல்:

35 எஃப்1.8 ஓஎஸ்எஸ் பற்றி யாரும் பேசவில்லையே, அதனால் சொல்கிறேன். ஏ6400 உடம்பில் நடுக்கம் தடுக்கும் வசதி கிடையாது, சிக்மா லென்ஸ்களிலும் கிடையாது, நாம் பேசுகிற லென்ஸ்களில் அந்த 35ல் மட்டும் உண்டு. எஃப்1.4க்கும் எஃப்1.8க்கும் நடுவில் மூன்றில் இரண்டு ஸ்டாப் வித்தியாசம்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அசையாத பொருளுக்கு, சும்மா கிடக்கும் ஊஞ்சல், அத்தங்குடிக் கல் பதித்த தரை, அலமாரியில் அடுக்கிய பீங்கான், இவற்றுக்கெல்லாம் ஓஎஸ்எஸ் இருந்தால் 1/15 வரைகூட இறங்கலாம். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பூக்கட்டுகிற அத்தையின் விரலைப் பிடிக்காது. அதற்கு ஷட்டர் 1/125க்கு மேலே போயே ஆக வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், அங்கே எஃப்1.4தான் வேலை செய்யும். வீடியோ எடுப்பீர்கள் என்றால் 35. இல்லையென்றால் சிக்மா.

16 வேண்டாம். 405 கிராம், உங்கள் சின்னக் கேமராவில் முன்பக்கம் கனக்கும். அதைவிட முக்கியம், படத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் தலையும் தோளும் அகலமாக இழுபடும். ஆல்பத்தைப் பார்க்கிற அத்தை “என்னை ஏன்டா இப்படி எடுத்தாய்” என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எல்லாரும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு எஃப்1.4 லென்ஸே வேண்டியதில்லை, காலை வெயிலில் முகப்புத் திண்ணையில் நிறுத்தி கிட் லென்ஸிலேயே எஃப்8 வைத்து எடுங்கள்.

செக்காலை ரோடு:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை டேப்போடு போய் அளந்தேன். வளவைச் சுற்றிய தாழ்வாரம் ஒன்பதடி அகலம், அடுப்படி பத்துக்குப் பன்னிரண்டு, அதிலும் மேடையும் அண்டாவும் போக நான் நிற்க ஒரு மூலைதான் மிச்சம். பொங்கல் படங்களையும் பார்த்தேன், பாதிக்கு மேல் 20க்கும் 28க்கும் நடுவில் எடுத்தவை. 16ல் எடுத்தது கட்டடத்தைத்தான், ஆட்களை இல்லை. 50ல் எடுத்தவை எல்லாம் வளவு வாசலுக்குக் குறுக்கே எடுத்தவை, தேவகோட்டை அண்ணன் சொன்னது அப்படியே. ஆனால் அங்கே வெளிச்சம் தாராளம், கிட் லென்ஸே போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே 23 அல்லது 30. இதில்தான் முடிவெடுக்க முடியவில்லை.

ஆயா வீட்டுப் பெண்:

என்னிடம் சிக்மா 30 இருக்கிறது, நான் காரைக்குடிதான். கடைசி இரண்டு வருஷம் எங்கள் ஆயாவை எடுத்ததெல்லாம் அதில்தான். ஆயா இப்போது இல்லை. பட்டாலையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற ஒரு படம் இருக்கிறது, நரம்பு ஓடிய அந்தக் கை மட்டும் தெளிவாக, பின்னால் வளவு வெளிச்சம் கரைந்துபோய், அதைச் சட்டம் போட்டு அம்மா பூசை அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே எடுக்க 30 போல இன்னொன்று இல்லை என்பேன். 30 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம், 56ல் 50க்குள் போக முடியாது.

லென்ஸைவிட எனக்குப் பெரிய பாடமாக இருந்தது வெளிச்சத்தின் நிறம். வளவிலிருந்து வருவது வானத்து நீல வெளிச்சம், உள்ளே எரிவது மஞ்சள் பல்பு, இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். எந்த மென்பொருளிலும் அது முழுசாகச் சரியாகாது. பகலில் பல்பை அணைத்துவிடுங்கள், எஃப்1.4 இருக்கும்போது பல்பு தேவையில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகிய பழைய சுவர் வாங்கின வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஆளை உட்காரவைத்தால் நிழல் விழும் கன்னத்திலும் மென்மையாக வெளிச்சம் ஏறும். கறுத்த தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்தப் பாதி முகம் இருட்டிலேயே போய்விடும்.

ராத்திரிக்கு எல்இடி விளக்கு, சீரியல் செட் எல்லாம் எரியும்போது சைலண்ட் ஷட்டரை நிறுத்திவிட்டு 1/100ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் பலவும் நொடிக்கு நூறு முறை மினுக்கும், அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் 30ஐ எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்து பாருங்கள். வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்தூர் நிழல்:

இதைவிட நல்ல வழி இல்லை. அந்த ஒரு வாரமும் கிட் லென்ஸைக் கையால் தொடாதீர்கள். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள், எத்தனை தடவை பின்னால் நகர நினைத்து நகர முடியாமல் போகிறது, எத்தனை தடவை முன்னால் போக நினைக்கிறீர்கள் என்று. பின்னால் நகர முடியாத இடம் அதிகம் என்றால் 23. முன்னால் போவது எப்போதும் முடியும், படத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளவும் முடியும், 24 மெகாபிக்சல் இருக்கிறது. வெளியே விட்டதை உள்ளே கொண்டுவரத்தான் வழியே இல்லை.

செக்காலை ரோடு:

ஒரு வாரம் 30ஐ வைத்திருந்தேன், நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா, ரொம்ப நன்றி, உங்கள் வீட்டில் அந்த ஆயா படத்தையும் பார்த்தேன்.

அப்பத்தாவை எடுத்த படங்கள் எல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கின்றன. ஆனால் அடுப்படியில் நாலு நாளும் முதுகு சுவரில் முட்டியது. பணியாரச் சட்டி வந்தால் ஊற்றுகிறவர் முகம் வரவில்லை, முகம் வந்தால் சட்டி இல்லை. தாழ்வாரத்தில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தால் மூன்றாவது ஆளின் முழங்கால் வெட்டுப்படுகிறது. அதனால் 23 சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை கைக்கு வந்துவிடும்.

வெளிச்சக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், என்னைப் போல யோசிக்கிறவர்களுக்கு உதவும். இரண்டாங்கட்டில் மதியம் மூன்று மணிக்கு எஃப்1.4, 1/160, ஐஎஸ்ஓ 1600. அதையே எஃப்4ல் எடுத்திருந்தால் எட்டு மடங்கு, 12800 வேண்டியிருந்திருக்கும். அப்பத்தாவின் புடவைக் கரையில் இருக்கும் நூல்கூடத் தெரிகிறது.

தேவகோட்டை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். சாந்தி அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் வீடியோவுக்குப் பெரிய விளக்கை வளவுக்குள் நிறுத்தினால் என் படத்தில் சுவரெல்லாம் வெளுத்துப்போகுமே, அவரிடம் எப்படிச் சொல்வது?

இருபது வருஷக் கல்யாணக் கேமரா:

முதல் நாள் சாயங்காலமே அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் போய்ச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். சடங்கு நேரம் அவருடையது, அப்போது அவர் விளக்கில் நீங்கள் குறுக்கே போக வேண்டாம். சடங்கு முடிந்து எல்லாரும் பந்திக்குப் போகிற நேரத்தில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார், அவருக்கும் பேட்டரி மிச்சம். அந்த ஒரு மணி நேரம் வளவு உங்களுக்குத்தான். கிழக்குத் தாழ்வாரத்தில் நின்று மேற்கே பாருங்கள்.