எவரெஸ்ட் அடிவாரம் வரை, சக்கர நாற்காலிக்காக

மலை ஏறியவர்கள் பலரும் ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். எவரெஸ்ட் அடிவாரம் வரை போன நான், அதற்காக நன்கொடை கேட்ட கதையையும் சேர்த்துச் சொல்கிறேன், எனக்கு மலையில் நடப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில்தான் மறுபடி உட்காரவே கற்றுக்கொண்டான். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966இல் வந்த மையம் அது. அவர் கதையைத் தம்பி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

தம்பியைப் போன்றவர்களுக்கு அளவெடுத்து நாற்காலி செய்து தரும் ஒரு அறக்கட்டளை, நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து நன்கொடை திரட்ட ஆள் தேடியது. சரி என்று பெயர் கொடுத்துவிட்டேன். வேலூர் லாங்கு பஜாரில் கணக்கு எழுதும் எனக்கு அதுவரை ஏலகிரிதான் பெரிய மலை. ஞாயிறு தோறும் முதுகில் பத்துக் கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு பாலமதி மலை ஏறிப் பழகினேன்.

காசு கேட்கப் போனபோது முதல் வாரமே ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார், "நீ ஊர் சுற்ற நான் ஏம்ப்பா பணம் தரணும்?" அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. அடுத்த நாள் ஒரு நோட்டு போட்டேன். என் விமானம், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் என் சீட்டுப் பணம் என்று ஒரு பக்கம், நீங்கள் தரும் பணம் முழுக்க நாற்காலிக்கு என்று எதிர்ப்பக்கம். நோட்டைக் காட்டித்தான் கேட்டேன். ரசீதை அறக்கட்டளையே கொடுத்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அண்ணன்கள் ஆளுக்கு நூறு, இருநூறு கொடுத்தார்கள், தம்பி மரத்திலிருந்து விழுந்த கதை அவர்களுக்குத் தெரியும். கடைசியில் 1,86,000 ரூபாய் சேர்ந்தது. நீங்களும் இப்படிப் போவதென்றால் தயவுசெய்து இந்த இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்.

கிளம்பும் முன் தம்பி தன் கைக்கண்ணாடியைக் கொடுத்தான். தினமும் ராத்திரி அதை வைத்துத்தான் இடுப்பு, குதிகால் எல்லாம் பார்ப்பான், வலி தெரியாது என்பதால் சின்னச் சிவப்பைக்கூட விட்டால் படுக்கைப் புண்ணாகிவிடும். "அண்ணா, நீயும் தினமும் காலைப் பாரு" என்றான்.

லுக்லாவில் (2,860 மீட்டர்) நடக்க ஆரம்பித்தோம். வழியில் நாம்சே பஜாரிலும் டிங்போச்சேயிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும், அதை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. மூட்டை சுமக்கும் மலை மாடுகளான யாக் கூட்டம் மணிச்சத்தத்தோடு வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். டிங்போச்சேயில் ராத்திரி தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியைக் குதிகாலுக்குக் கீழே பிடித்தேன். இடது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். வலித்தது. வலிக்கிறதே என்று முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது, அப்புறம் தம்பியை நினைத்து அழுகை வந்துவிட்டது.

லோபுச்சேயில் தலைவலி மண்டையைப் பிளந்தது. வழிகாட்டி இறங்கலாமா என்று கேட்டார், ராத்திரி பார்த்துவிட்டுக் காலையில் முடிவெடுத்தோம், தெளிந்துவிட்டது. தெளியாவிட்டால் இறங்கியிருப்பேன், அதில் வெட்கமில்லை. அடிவார முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான், பத்தடி நடந்து நின்று நின்றுதான் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து, ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவருக்கு அளவெடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். இடுப்பகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை என்று டேப்பை வைத்துத் தம்பியே அளந்து சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். அவர் அதுவரை உட்கார்ந்திருந்தது யாரோ தூக்கிக் கொடுத்த அகலமான ஆஸ்பத்திரி நாற்காலி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து இடுப்பில் புண் வைத்திருந்தது. புது நாற்காலி வந்த அன்று அவர் யாரையும் தள்ள விடவில்லை. தானே உருட்டிக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.