சின்ன வயதிலிருந்து படம் கீறுகிறேன், இப்போது டிசைன் கடையில் இருக்கிறேன், இது சரியான வழிதானா?

வட்டுக்கோட்டை_நிலா:
வணக்கம். வயது 22. உயர்தரத்தில் சித்திரம் எடுத்தேன், வெட்டுப்புள்ளி போதாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. சின்ன வயதில் கலண்டர் தாளின் பின்பக்கம், சீமெந்துப் பையின் உள்தாள் என்று எது கையில் கிடைத்தாலும் கீறுவேன், எங்கள் வீட்டு மாடு படுத்திருக்கும்போது முதுகு வளைகிற அந்த ஒரு கோட்டை மட்டும் ஒரு கொப்பி முழுக்கக் கீறியிருக்கிறேன். இப்போது எட்டு மாதமாக யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு டிசைன் கடையில் வேலை. காலையில் கண்ணீர் அஞ்சலி பனர், பின்னேரம் சாமத்திய வீட்டு (பூப்பு விழா) அல்பம், இடையில் அந்தியேட்டி மலர் (இறந்தவரின் கிரியைக்கு அச்சிடுகிற நினைவுப் புத்தகம்). பழைய பைலைத் திறந்து படத்தையும் பேரையும் மாற்றுவதுதான் வேலை. பென்சில் பிடித்து மூன்று மாதமாகிறது. அம்மா அரசாங்க வேலைக்குச் சோதனை எழுதச் சொல்கிறார். இதை விட்டுவிடவா? இல்லை, கோர்ஸ் ஏதும் படிக்கவா?

கோண்டாவில்_அக்கா:
தங்கச்சி, நானும் இப்படித்தான் தொடங்கினேன், இப்போது 11 வருடம். விடாதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் தகப்பனின் படம் அனுப்பினார், கலியாண வீட்டில் கூட்டமாக நின்று எடுத்தது, முகம் நகத்தளவு, பாதிக் கழுத்தைப் பக்கத்தில் நின்றவரின் தோள் மறைத்திருந்தது. கடையில் எல்லோரும் செய்வதுபோல வேறு யாரோ ஒருவரின் கோட்டும் சேர்ட்டும் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன், தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் நின்றது. பிறகு கழுத்தை நானே கீறினேன். தாடைக்குக் கீழே நிழல் எந்தப் பக்கம் விழும், வயதானவருக்குத் தொண்டைத் தோல் எப்படித் தொங்கும் என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது, வீட்டில் அப்புவைப் பார்த்துப் பார்த்துக் கீறின கைக்குத்தான் தெரியும். படத்தைப் பார்த்த மகன் தொலைபேசியில் கொஞ்ச நேரம் ஒன்றுமே கதைக்கவில்லை. அந்த மாட்டு முதுகுக் கோடு உங்கள் கையில் இப்போதும் இருக்கிறது, கடை வேலையிலேயே அதைப் பாவியுங்கள்.

படிப்பு என்றால், மருதனார்மடத்தில் யாழ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பக்கம் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகவே இருந்து வருகிறது. திரும்ப ஒருமுறை உயர்தரச் சோதனை எடுக்க வாய்ப்பிருந்தால் அதை யோசியுங்கள்.

பழைய_பிரஷ்:
பிள்ளை, நான் 30 வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினவன். பிளெக்ஸ் வந்தபிறகு தொழில் படுத்துவிட்டது, அது வேறு கதை. இப்போது ரவுனால் போகும்போது மனம் நோகிறது, எல்லாப் பலகையிலும் ஒரே நாலு எழுத்துரு. நாங்கள் நகைக்கடைக்கு ஒரு எழுத்து எழுதுவோம், சைவக் கடைக்கு வேறு எழுத்து. ‘ழ’வின் கீழ்ச்சுழி எவ்வளவு இறங்க வேண்டும், ‘ண’வின் மூன்று சுழியும் ஒரே பருமனில் வந்தால் ஏன் வடிவில்லை என்பதைக் கையால் எழுதித்தான் பிடிக்கலாம். பழைய பலகைகளில் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபிறகு அது மெல்ல மெல்ல அச்சிலிருந்து போய்விட்டது. மிச்சம் இருக்கிற பலகைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், முன்னால் நின்று கீறுங்கள். குருநகர் ஓவியர் மாற்கு மாஸ்ரர் சண்டைக் காலத்திலும் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கினவர். அவரிடம் படித்தவர்கள் கையில் கிடைத்த தாளில்தான் கீறினார்கள், நல்ல தாள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

கொழும்பில்_ஒருவன்:
நிலா, சுருக்கமாகச் சொல்கிறேன். பாமினி என்கிற பழைய எழுத்துருவிலேயே நின்றுவிடாதீர்கள், யூனிகோட்டில் தட்டப் பழகுங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், வெளியூர் வேலை எடுக்கும்போது இது பெரிய தலையிடி. கூகிள் எழுத்துருக்களில் கட்டமரன், ஹிந்த் மதுரை, பவனம், கவிவாணர் எல்லாம் இலவசம். திரையில் பளிச்சென்று நிற்கிற நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், அதனால் அச்சு வேலையை முதலிலேயே சி.எம்.வை.கே.யில் (அச்சு மையின் நான்கு நிற முறை) தொடங்குங்கள், ஓரத்தில் 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு விடுங்கள். வீட்டில் பழக கிரிட்டா, இங்க்ஸ்கேப் என்கிற இரண்டு மென்பொருளும் போதும், காசு கட்டத் தேவையில்லை. வேலை கேட்டுப் போகும்போது 50 பனரைக் காட்டாமல், நீங்களே கீறி, நீங்களே எழுத்து எழுதிச் செய்த ஐந்து வேலையைக் காட்டுங்கள். நான் ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது பென்சில் கொப்பியைத்தான்.

வட்டுக்கோட்டை_நிலா:
எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன கழுத்துக் கதையை வாசித்துவிட்டு, இன்று வந்த ஒரு அம்மாவின் படத்தில் சேலைக் கரையை வெட்டி ஒட்டாமல் நானே கீறினேன், ஒன்றரை மணித்தியாலம் போனது, முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் பேசாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். திரும்ப உயர்தரச் சோதனை எடுக்கிற விஷயம் அம்மாவுடன் இன்னும் கதைக்கவில்லை. பிரஷ் ஐயா, ஞாயிறு எனக்கு லீவு, கஸ்தூரியார் வீதிப் பக்கம் கொப்பியோடு வரலாம் என்று இருக்கிறேன். துதிக்கை ‘லை’ உள்ள பலகை எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று சொல்வீர்களா?