டச் ரக்பி: நான்காவது டச்சில் எங்கள் வரிசை உடைகிறது

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது டச் ரக்பி (touch: பிடித்து விழுத்தாமல் கையால் தொட்டுத் தடுக்கும் ரக்பி) ஆடும் கலப்பு அணி: 3 ஆண்கள், 3 பெண்கள், மாற்று ஆட்கள் 4 பேர். ஆறு மாதமாக ஞாயிறு காலையில் பயிற்சி.

பந்து எங்கள் கையில் இருந்தால் சரியாகத்தான் ஆடுகிறோம். தடுப்பதில்தான் சிக்கல். பந்து கைமாற முன் எதிரணிக்கு இருக்கும் 6 டச்சில் (தொடுகையில்) முதல் மூன்றுக்கும் வரிசை நேராக நிற்கிறது. நான்காவதில், டச் பண்ணிய எங்கள் ஆள் 7 மீட்டர் பின்னுக்குப் போக முதுகைக் காட்டித் திரும்பி ஓடுகிறார். அதற்குள் எதிரணியின் டம்மி ஹாப் (தொடப்பட்டவர் தரையில் வைத்த பந்தை எடுப்பவர்) பந்தை எடுத்து அந்த இடைவெளிக்குள்ளேயே பாய்ந்துவிடுகிறார். அவரைத் தொட்டுவிட்டால் பந்து எங்களுக்கு. ஆனால் தொட அங்கே யாரும் இல்லை! லிங்க் (நடு ஆளுக்கும் ஓர ஆளுக்கும் இடையில் நிற்பவர்) பதறி உள்ளே வர, விங்கில் (ஓரத்தில்) நிற்கும் தங்கச்சி தனியாக இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறார். போன ஞாயிறு ஒரே மூலையில் எதிரணி எங்களுக்கு எதிராக மூன்று டச் டவுன் (கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து எடுக்கும் புள்ளி) போட்டது. பாவம், அவர் அழுதேவிட்டார். பிழை அவருடையது இல்லை.

பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடிப் பழகினோம். நடுவில் நிற்கும் இருவரையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினோம். ஒடுங்கிய இடத்தில் மூன்றுக்கு மூன்று ஆடியது கொஞ்சம் உதவியது, ஆனால் 70க்கு 50 மீட்டர் மைதானத்தில் இறங்கியதும் பழையபடிதான். சத்தம் போட்டுக் கதைக்கச் சொல்கிறேன், களைத்ததும் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள்.

நடுவில் நிற்பவர் டச் பண்ணிப் பின்வாங்கும் அந்த நொடியில் லிங்க் உள்ளே நெருங்க வேண்டுமா, தன் ஆளோடேயே நிற்க வேண்டுமா?