சிஆர்பி குறைந்தது, ஆக்சிஜன் தேவை குறையவில்லை: ஐசியூ ரத்த ரிப்போர்ட் அனுபவங்கள்

மழைக்குருவி:
கொரோனா முற்றி என் மாமனார் ஐசியூவில் இருந்தபோது எங்களை உள்ளே விடவில்லை. வெளியே வந்தது ரத்த ரிப்போர்ட் மட்டும்தான். அதனால் அதுவரை கேள்விப்படாத சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), டி-டைமர் (உறைந்த ரத்தக் கட்டி கரையும்போது வரும் துண்டு), ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம், அழற்சியிலும் ஏறும்) எல்லாம் வீட்டில் அன்றாடப் பேச்சாகிவிட்டன. மச்சான் எக்செல் ஷீட் போட்டு வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் அனுப்புவார்.

சிஆர்பி 160-இல் இருந்தபோது டோசிலிசுமாப் மருந்து ஏற்றினார்கள். மறுநாள் 75, அதற்கடுத்து 30, அப்புறம் ஒற்றை இலக்கம். குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆனால் மாஸ்க்கில் போகும் ஆக்சிஜன் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. போனில் கேட்டபோது டியூட்டி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "சார், ஐஎல்-6 என்ற அழற்சிப் பொருள் தூண்டினால்தான் ஈரல் சிஆர்பியைச் சுரக்கும். அந்தத் தூண்டுதலையே இந்த மருந்து தடுத்துவிடுகிறது. இனி சிஆர்பி குறைவதை வைத்து நுரையீரல் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. புதிதாக பாக்டீரியா தொற்று வந்தாலும் அது ஏறாமல் போகலாம்."

அவர் பயந்தபடியே ஆனது. வென்டிலேட்டருக்குப் போன பிறகு டியூபில் சளி மஞ்சளாகக் கட்டியாக வர ஆரம்பித்தது, பிரஷர் இறங்கியது, எக்ஸ்ரேயில் புதிதாக ஒரு நிழல். சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. சிஆர்பி அப்போதும் சாதுவாகத்தான் இருந்தது! காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை.

லேப்வாசி:
டோசிலிசுமாப் போட்ட பிறகு ஐஎல்-6 அளவை எடுத்துப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு. செல்களில் ஐஎல்-6 போய் ஒட்டும் இடமான ஏற்பியை மருந்து அடைத்துவிடுவதால், அது போக இடமில்லாமல் ரத்தத்திலேயே சேர்ந்து எண் ஏறும். அது நோய் முற்றியதற்கு அடையாளம் அல்ல.

என் பங்குக்கு லேப் பக்கத்துக் கதை. ஒரு நோயாளியின் எல்டிஹெச் (செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசியும் என்சைம்) ஒரே நாளில் இரண்டு மடங்காகி வந்தது. டியூபை எடுத்துப் பார்த்தால் சீரம் (ரத்த அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்) ரோஸ் நிறத்தில் இருந்தது. பொட்டாசியமும் கூடவே ஏறியிருந்தது. சிரிஞ்சில் வேகமாக இழுத்து, அப்படியே ஊசி வழியாக டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் எல்டிஹெச் ஏராளம். நுரையீரல் சேதத்துக்கும் அது ஏறும் என்பதால், ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வார்டுக்குப் போன் போட்டு வேறு சாம்பிள் கேட்டோம். பழைய அளவுக்கே வந்தது.

டி-டைமருக்கு நீல மூடி டியூப். அதில் ரத்தம் கோடு வரை நிரம்ப வேண்டும், குறைந்தால் ரத்தம் உறையாமலிருக்க உள்ளே இருக்கும் சிட்ரேட்டின் விகிதம் மாறிவிடும். அலகும் தொல்லைதான். சில லேப் எஃப்இயூ என்று தரும், சில டிடியூ என்று தரும். முதலாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய எண். மருத்துவமனை மாறியதும் "டி-டைமர் பாதியாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அலகைப் பாருங்கள்.

தென்றல்:
அம்மாவுக்கு இன்ஃபுளுவென்சா நிமோனியா. பாக்டீரியா தொற்றைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் புரோகால்சிடோனின் 0.1 தான் என்கிறார்கள், ஆனாலும் ஆன்டிபயாடிக் ஓடுகிறது. ஏன்?

நைட்டூட்டி சிஸ்டர்:
வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா புரோகால்சிடோனினை அமுக்கி வைக்கும். பாக்டீரியா புகுந்தால் அது ஏறும். எனவே 0.1 நல்ல செய்திதான். ஆனால் இன்ஃபுளுவென்சாவுக்குப் பின்னாலேயே நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா வந்து சேர்வது அடிக்கடி நடப்பது. ஐசியூவில் ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைத்துச் சூதாட மாட்டார்கள். கல்ச்சரும் சுத்தமாக வந்து, புரோகால்சிடோனினும் தாழ்ந்தே இருந்தால் அப்புறம் நிறுத்துவார்கள். உங்கள் டாக்டரிடம் "எப்போது நிறுத்துவீர்கள்" என்று கேளுங்கள், அது பயனுள்ள கேள்வி. அம்மாவுக்குக் கிட்னி பிரச்சினை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தொற்று இல்லாமலேயே அந்த எண் கொஞ்சம் மேலே நிற்கும்.

ஸ்டீராய்டு போடுகிறார்களா? போட்டால் வெள்ளையணு ஏறும், லிம்போசைட் இறங்கும். அதைப் பார்த்ததும் புதுத் தொற்று என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இரவில் எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான்.

தென்றல்:
ஸ்டீராய்டு இல்லை சிஸ்டர். கிட்னியும் சரியாக இருக்கிறது. நன்றி, காலை ரவுண்ட்ஸில் கேட்கிறேன். மழைக்குருவி, உங்கள் மாமனார் இப்போது?

மழைக்குருவி:
கல்ச்சர் பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், மெல்ல மெல்லத் தேறினார். இப்போது தானே நடக்கிறார், மாடிப்படி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது. டிஸ்சார்ஜ் அன்றைக்கும் ஃபெரிட்டின் 900-க்கு மேல்தான். மறுபடி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்கு? அவரை ஒரு ரவுண்டு நடக்கவிட்டு, விரலில் ஆக்சிஜன் பாருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.