திரையில் போர் கற்கும் அதிகாரிகள்: நீங்கள் பார்த்தது என்ன?

தரைப்படைப் பயிற்றுநர் (ஓய்வு)

போர்க்களத்தைக் கணினியில் காட்டும் சிமுலேட்டர் வந்த பிறகு இளம் அதிகாரிகள் நன்றாகத் தேறுகிறார்களா, இல்லை திரையை நம்பியே பழகிவிடுகிறார்களா என்ற கேள்விக்கு, நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு லெப்டினன்டிடம் கணினிப் பயிற்சியில் ஒரு கம்பெனிப் படைப்பிரிவைக் கொடுத்திருந்தோம். எதிரி ஆற்றைக் கடப்பதற்குள் பாலத்தைப் பிடிக்க வேண்டும். ட்ரோன் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அவரோ, அடுத்த படம் இன்னும் தெளிவாக இருக்கும் என்று காத்திருந்தார். பாலம் கைவிட்டுப் போனது.

யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவை மட்டும் ஓட்டிக் காட்டினோம். அவர் படையின் நீலக் குறி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எதிரியின் சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. மூலையில் கடிகாரம் ஓடுகிறது. அவரே எழுந்து வந்து திரையில் விரலை வைத்து, "இங்கயே கிளம்பியிருக்கணும் சார்" என்றார். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அது அவருக்குள் இறங்கியிருக்காது.

என்னைக் கேட்டால், சிமுலேட்டரால் கிடைக்கும் பெரிய லாபமே இந்த மறுபார்வைதான். களப்பயிற்சி முடிந்து உட்கார்ந்தால், யார் எப்போது எங்கே இருந்தார் என்ற வாதத்திலேயே பாதி நேரம் போய்விடும். 1991 பிப்ரவரி 26 அன்று இராக் பாலைவனத்தில் நடந்த '73 ஈஸ்டிங்' டாங்கிப் போரை, அதில் சண்டையிட்டவர்களிடமே கேட்டுக் கேட்டு அமெரிக்கர்கள் கணினியில் மறுபடி உருவாக்கியதும் இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படிக்கத்தான்.

ஆனால் அந்தக் காத்திருப்பு நோய்க்கும் மருந்து வேண்டுமே. 1824இல் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் விதிகள் அச்சான போர் விளையாட்டில், எதிரியின் கண்ணுக்குப் படக்கூடிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். மற்றதை ஊகித்துத்தான் கட்டளை எழுத வேண்டும். அதையே நாங்களும் கையில் எடுத்தோம். பயிற்சி சூடுபிடிக்கும் நேரத்தில் ட்ரோன் படத்தை நிறுத்திவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்து வானொலித் தொடர்பும் போகும். முதலில் அறையே திகைத்து நிற்கும். அப்புறம் யாராவது ஒருவர் காகித வரைபடத்தை விரிப்பார். அங்கேதான் உண்மையான வகுப்பு தொடங்குகிறது.

கடற்படை அதிகாரி

சார் சொல்வது கடலுக்கும் பொருந்தும். கப்பலைச் செலுத்தும் அறையை அப்படியே காட்டும் சிமுலேட்டரில் மூடுபனியையும் நெரிசலான கால்வாயையும் பயமில்லாமல் பழகலாம். உண்மைக் கப்பலை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை நடத்த முடியாது. அதே சமயம் ஜிபிஎஸ் இல்லாத நிலையையும் பழக்கியாக வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடம் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கணிக்கும் பாடத்தைக் கைவிட்டு, 2015இல் திரும்பக் கொண்டுவந்தது. ஜிபிஎஸ்ஸை முடக்கவோ ஏமாற்றவோ முடியும் என்ற அச்சம்தான் காரணம்.

தொலைநிலைப் படிப்பு முடித்த மேஜர்

நான் சொல்ல வருவது வேறு. எல்லைக் காவல் முகாமில் இருந்தபடி இணையவழியில் படித்தேன். இணைப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. அதனால் காணொலிப் பாடங்களைவிட, இறக்கி வைத்துக்கொண்டு படிக்கும் பாடங்களே கைகொடுத்தன. பாடத்திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை, எழுத்து வழி விவாதம். வகுப்பறையில் மூத்தவர் பேசி முடித்தால் இளையவர் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் விவாதப் பக்கத்தில் பதவியைக் காட்டாமல் எண்ணை மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு தாக்குதல் திட்டத்தில், காயம்பட்டவர்களை வெளியேற்ற வழியே வைக்கவில்லை என்று ஒருவர் வரிவரியாக எடுத்துக் காட்டினார். திட்டம் போட்டவர் லெப்டினன்ட் கர்னல், குறை சொன்னவர் கேப்டன் என்பது பின்னால்தான் தெரிந்தது. கர்னல் திட்டத்தைத் திருத்தி அனுப்பினார்.

தரைப்படைப் பயிற்றுநர் (ஓய்வு)

மேஜர், அந்த எண் முறையைப் படிப்பு முழுக்க வைத்திருந்தார்களா, தொடக்கத்தில் மட்டுமா? எங்கள் மறுபார்வை அறையிலும் பதவிப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.